மாவைக் கையில் கொடுத்துப் பாருங்கள்

மதுரை மாட்டுத்தாவணியைத் தாண்டி மேலூர் ரோட்டில் ஒரு பரோட்டா கடை. மாலை நாலு மணி இருக்கும், டீ குடிக்க ஒதுங்கியிருந்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தோளில் பையோடு வந்து கல்லா முன்னால் நின்றார்.

“மாஸ்டர் வேணும்னு போர்டு பார்த்தேன்ணே.”

கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பெயர் கேட்கவில்லை. “எங்கிட்டு இருந்தீங்க?” என்று ஒரு கேள்வி. “திருச்சியில, பஸ் ஸ்டாண்டு பக்கம்ணே” என்று ஒரு பதில். “உள்ள மாவு பெசஞ்சு வச்சிருக்கு தம்பி. பத்து அடிங்க, பாப்போம்.”

வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எடுத்த எடுப்பில் மாவில் கை வைக்கவில்லை. ஈரத்துணியால் பலகையைத் துடைத்தார். மூடியிருந்த மாவைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். “இன்னும் கால் மணி ஊறணும்ணே. இப்ப அடிச்சா கிழியும்.”

கல்லாக்காரர் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பாதி பாஸ்.”

வேண்டுமென்றே ஊறாத மாவைக் கொடுத்திருக்கிறார் மனிதர்! கால் மணி கழித்து உருண்டை பிடிப்பதும் வீசுவதும் நடந்தபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சில்லறை எண்ணிக்கொண்டே பலகையில் மாவு விழும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். கல்லிலிருந்து இறங்கிய பத்தையும் அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டி இதழ் பிரித்தபோதுதான் எழுந்து போய் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். வேலை கிடைத்ததா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதே வாரம் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு கண்ணாடி அறையில் நண்பரின் மகனுக்கு இன்டர்வியூ. நாலு ரவுண்ட். முதல் கேள்வி ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’. கடைசிக் கேள்வி ‘ஐந்து வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?’ பையன் யூடியூபில் மனப்பாடம் செய்த பதிலை ஒப்பித்திருக்கிறான். கேட்டவருக்கும் அந்த வீடியோ தெரிந்திருக்கும். இருவரும் மரியாதைக்காக ஒரு நாடகத்தை நடித்து முடித்தார்கள். பையன் எழுதும் கம்ப்யூட்டர் கோடு எப்படி இருக்கும் என்று அந்த நாலு ரவுண்டிலும் யாரும் பார்க்கவில்லை.

மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் நான். தொண்ணூறுகளில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நடுத்தரக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் ஆளெடுத்தேன், அதற்கப்புறம்தான் எழுத்து. இந்த அனுபவத்தில் எனக்குப் பட்டதைச் சொன்னால் எச்.ஆர். நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். இன்டர்வியூவுக்குத் தயாராகாமல் வருபவர் பெரும்பாலும் ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்தான். எதிரே இருக்கும் பிள்ளை ஒரு வாரமாகத் தூங்காமல் தயாராகி வந்திருக்கும். இவர் அந்தப் பிள்ளையின் ரெஸ்யூமேயை அப்போதுதான் முதல் தடவையாகப் புரட்டுவார்.

கடைசி வரிசை மாணவர்கள்

ஆளெடுக்கும் முறைகளில் எது பலிக்கிறது என்று உளவியலாளர்கள் வெகுகாலமாக அளந்து வருகிறார்கள். ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 1998-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணும் பிறகு வேலையில் காட்டிய திறமையும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதே கணக்கு. பூஜ்யம் என்றால் சம்பந்தமே இல்லை, ஒன்று என்றால் அச்சு அசல். வாய்க்கு வந்ததைக் கேட்கும் இன்டர்வியூவுக்குக் கிடைத்தது 0.38. எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்று திட்டமிட்டு நடத்துவதற்கு 0.51. வேலையைச் செய்துகாட்டச் சொல்வதற்கு 0.54.

பரோட்டா கடைக்காரர் ஜெயித்துவிட்டார் என்று சொல்லலாம்தான். ஆனால் பால் சாக்கெட்டும் சகாக்களும் 2022-ல் பழைய கணக்கில் இருந்த பிழைகளைத் திருத்தியபோது பெரும்பாலான எண்கள் இறங்கின. செய்துகாட்டுவது 0.33 ஆனது. திட்டமிட்ட இன்டர்வியூ 0.42 என்று பட்டியலின் தலைக்குப் போனது. அரட்டை இன்டர்வியூ 0.19-ல் போய் விழுந்தது. ஆக, மாவு வேண்டும், யோசித்து வைத்த கேள்விகளும் வேண்டும். நம் ஊரில் நடக்கும் இன்டர்வியூக்களில் பெரும்பாலானவை எந்த ரகம் என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

எண்ணைவிட எனக்குப் பிடித்தது டெக்சாஸ் கதை. 1979. ஹூஸ்டனில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 800 பேரை நேர்காணல் செய்து, ஒன்று முதல் 800 வரை வரிசைப்படுத்தி, முதல் 350 இடங்களுக்குள் இருந்து 150 பேரைச் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு மாகாண சட்டமன்றம் இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொன்னது. நல்ல இடம் பிடித்தவர்கள் எல்லாம் அதற்குள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது 700-க்கும் 800-க்கும் நடுவில் இருந்தவர்கள். வேறு வழியில்லாமல் அவர்களில் 50 பேரை எடுத்தார்கள். படிப்பு முடிந்து பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. மார்க்கிலும் இல்லை, ஆஸ்பத்திரிப் பயிற்சியிலும் இல்லை. அத்தனை பேராசிரியர்கள் அத்தனை நாள் உட்கார்ந்து போட்ட வரிசை காற்றில் போனது.

இதைப் படித்தபோது எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. அங்கே இருக்கும் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. வயது 35-க்கு மேல் 70-க்குள், வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, இன்ன கல்வி என்று தகுதிகளை முதலில் கறாராக வரையறுத்தார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்குக் கதவடைப்பு, அவருடைய உறவினர்களுக்கும் சேர்த்து. அதற்குப் பிறகு ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். குடவோலையைத் தலையில் வைத்துக் கொண்டாட நான் வரவில்லை. அது நிலம் வைத்திருந்த பிராமண ஆண்களுக்குள் நடந்த தேர்வு. ஆனால் அவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தார்கள்: தகுதியை அளந்தாயிற்று என்றால், அதற்குமேல் முகத்தைப் பார்த்து எடை போடுவதில் பெரிய பயனில்லை.

மூஞ்சியைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பவர்களுக்கு இன்னொரு தகவல். ஜேசன் டானா என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2013-ல் வெளியிட்ட சோதனை இது. மாணவர்களை விட்டு மாணவர்களை நேர்காணல் செய்யச் சொன்னார்கள். பதில் சொல்பவர்களில் சிலருக்கு மட்டும் ஒரு ரகசிய உத்தரவு: ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு, கேள்வியின் கடைசிச் சொற்கள் எந்த எழுத்தில் தொடங்குகின்றன என்று பார்த்து, அதன்படி பதில் சொல்ல வேண்டும். உண்மைக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லை, கிட்டத்தட்ட பூவா தலையா. கேட்டவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆளை நன்றாகப் புரிந்துகொண்டோம் என்றே நம்பினார்கள். உளறலிலிருந்துகூட ஒரு குணச்சித்திரத்தை நெய்துவிடும் மூளை நமக்கு.

மைக்ரோமீட்டர்

நான் அந்தப் பாடத்தைக் காசு கொடுத்துக் கற்றேன். காசு கம்பெனியுடையது.

தர ஆய்வுப் பிரிவுக்கு ஆள் எடுத்தோம். இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் சரளமான பேச்சு, நல்ல உடை, கேட்ட கேள்விக்கெல்லாம் புன்னகையோடு பதில். இன்னொருவர் கேட்டால்தான் வாயைத் திறப்பார், அப்போதும் பாதி விழுங்கிவிடுவார். நான் யாரை எடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாவது மாதம் ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகி லாரியில் திரும்பி வந்து கேட்டில் நின்றது. அளவு தப்பு. சரளமானவருக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியவில்லை. டிப்ளமோவில் அதன் தத்துவம் பற்றிப் பத்து மார்க் கேள்விக்கு முழு மார்க் வாங்கியிருந்தார்.

அதற்குப் பிறகு இன்டர்வியூ அறையில் மேசைமேல் மூன்று பொருள் வைக்க ஆரம்பித்தேன்: ஒரு ஷாஃப்ட், ஒரு மைக்ரோமீட்டர், ஒரு சுத்தமான துணி. ஷாஃப்டின் அளவு 19.98 மில்லிமீட்டர். மைக்ரோமீட்டரை 0.03 தள்ளிக் காட்டும்படி செட் செய்து வைத்திருப்போம். “இதை அளந்து சொல்லுங்க.” அவ்வளவுதான் கேள்வி.

பலர் எடுத்தவுடன் ஷாஃப்டைக் கவ்வ வைத்து, நட்டை முறுக்குவதுபோல் திம்பிளை முறுக்கி, கண்ணைச் சுருக்கி, 20.01 என்பார்கள். இன்னும் இறுக்கி முறுக்கினவர்கள் 20 என்பார்கள், குரலில் சந்தேகமே இல்லாமல்.

ஒருநாள் ஆற்காடு பக்கமிருந்து ஒரு பெண் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், தண்ணீர் கிளாஸை எடுத்த கை நடுங்கியது. இங்கிலீஷில் ஆரம்பித்து இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிட்டார். மைக்ரோமீட்டரை நீட்டினேன். வாங்கிய அடுத்த நொடி கை நடுங்கவில்லை. துணியை எடுத்து இரண்டு முகத்தையும் துடைத்தார். ஷாஃப்டைத் தொடாமல் மைக்ரோமீட்டரை வெறுமனே மூடினார். ராட்செட்டைப் பிடித்துத் திருப்பினார், டிக், டிக், டிக். வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“சார், இதுல ஸீரோ அவுட்டா இருக்கு. மூணு பாயிண்ட் ஜாஸ்தி காட்டுது. கழிச்சுச் சொல்லட்டுமா, இல்ல வேற மைக் தர்றீங்களா?”

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புரொடக்‌ஷன் மேனேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பழைய முறையில் நடத்தியிருந்தால் அந்தப் பெண்ணைத் ‘தன்னம்பிக்கை போதாது’ என்று எழுதி அனுப்பியிருப்பேன். அப்படி எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன் என்று எனக்குக் கணக்குத் தெரியாது.

இதில் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. திருப்பூரில் ‘ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை’ என்று போர்டு மாட்டியிருக்கும் எந்தக் கம்பெனியிலும் போய்ப் பாருங்கள். மெஷினில் உட்கார வைத்து நாலு பீஸ் ஓட்டச் சொல்வார்கள். லாரி ஓனர் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வார். கணக்காளர் வேலைக்கு ஒரு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கேஷ் புக்கையும் கொடுத்து, எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். கஸ்டமர் கேருக்குப் பக்கத்து அறையிலிருந்து கோபமாக ஒரு போன் போடலாம். அரை மணி போதும். அந்த வேலையை இலவசமாக வாங்கிக்கொள்ளும் தந்திரமாக மட்டும் அது ஆகக் கூடாது. ‘டெஸ்ட்’ என்ற பெயரில் மூன்று நாள் வேலையை உறிஞ்சிவிட்டு போனை எடுக்காத கம்பெனிகளும் உண்டு.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு மார்க்

கேள்விகளை எப்படித் திட்டமிடுவது? இதற்கு நான் வழிகாட்டியாக வைத்திருப்பது 21 வயதுப் பையன் ஒருவன் செய்த வேலை. பின்னாளில் 2002-ல் பொருளாதார நோபல் வாங்கிய டேனியல் கானமன்தான் அந்தப் பையன். ஐம்பதுகளின் நடுவில் இஸ்ரேல் ராணுவத்தில் உளவியல் பட்டதாரியாக இருந்தார். புதிதாக வருபவர்களை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று கால் மணி, இருபது நிமிடம் பேசி முடிவெடுக்கும் முறை அங்கே இருந்தது. பலன் கிட்டத்தட்ட பூஜ்யம். கானமன் அதைக் கலைத்தார். ஆறு குணங்களைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றுக்கும், முன்பு பார்த்த வேலைகள், நேரம் தவறாமை, நண்பர்களோடு பழகியது என்று நடந்ததை மட்டும் கேட்கும் கேள்விகள். ஒரு குணத்தைப் பற்றிக் கேட்டு முடித்ததும் அதற்கு ஒன்று முதல் ஐந்துக்குள் மார்க் போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

நேர்காணல் செய்தவர்கள் கொதித்தார்கள். எங்களை எந்திரமாக்கப் பார்க்கிறாயா என்று சண்டை. சரி, ஆறு மார்க்கையும் போட்டு முடித்த பிறகு கண்ணை மூடி, இந்த ஆள் எப்படிச் சோபிப்பான் என்று கற்பனை செய்து, கடைசியாக ஒரு மார்க் போடுங்கள் என்று சமாதானம் செய்தார். சில மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தபோது ஆறு மார்க்கின் கூட்டல் பழைய முறையைவிட எவ்வளவோ மேலாகப் பலித்திருந்தது. வேடிக்கை, கண்ணை மூடிப் போட்ட அந்த மார்க்கும் அதே அளவுக்குப் பலித்திருந்தது. உள்ளுணர்வைக் கடைசியில் கேட்டால் உதவுகிறது, முதலிலேயே பேசவிட்டால் கெடுக்கிறது.

இதை அம்பத்தூருக்கு நாங்கள் இப்படிக் கொண்டுவந்தோம். விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே, அந்த வேலையில் இப்போது இருப்பவரிடம் போய், “போன ஆறு மாசத்துல உங்களை ரொம்பத் திணறடிச்ச நாள் எது?” என்று கேட்டோம். நாலைந்து சம்பவம் கிடைக்கும். அதிலிருந்துதான் கேள்வி. “மெஷின் ஆபரேட்டர் உங்க ரீடிங்கை ஒத்துக்க மாட்டேங்கறார், சூப்பர்வைசர் லீவு, லாரி வாசல்ல நிக்குது. என்ன செய்வீங்க?” இதற்கு நல்ல பதில் எது, சுமார் எது, ஆபத்தானது எது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வோம். வருகிற எல்லோருக்கும் அதே கேள்வி, அதே வரிசை. பேனலில் மூன்று பேர் இருந்தால் மூவரும் தனித்தனியே மார்க் எழுதிய பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். அதிலும் பெரியவர் கடைசியில் பேச வேண்டும். எம்.டி. முதலில் “பையன் நல்லாத்தான் இருக்கான்” என்று சொல்லிவிட்டால் அப்புறம் யார் மறுத்துப் பேசுவது?

புதிர்க் கேள்விகளுக்கு ஒரு காலத்தில் பெரிய மவுசு. ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்ற ரகம். அவை முழுக்க நேர விரயம், கேட்பவருக்குத் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டிக்கொள்ளத்தான் உதவும் என்று கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக்கே 2013-ல் ஒப்புக்கொண்டார். பொது அறிவுக் கேள்விக்கு இன்னும் பழைய கதை இருக்கிறது. தாமஸ் எடிசன் தன்னிடம் வேலை கேட்டு வந்தவர்களுக்கு வைத்த வினாத்தாள் 1921-ல் பத்திரிகைகளில் வெளியாகிப் பரபரப்பானது. அந்த வருஷம் அமெரிக்கா வந்திருந்த ஐன்ஸ்டைனிடம் அதிலிருந்து ஒலியின் வேகம் என்ன என்று கேட்டார்கள். புத்தகத்தில் இருப்பதைத் தலையில் சுமப்பதில்லை என்று சொல்லிவிட்டார் அவர். எடிசன் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்திருக்காது.

அப்பா என்ன செய்கிறார்?

என் முதல் இன்டர்வியூ இன்னும் கண்ணில் நிற்கிறது. காலை பத்து மணிக்கு வரச்சொல்லி மூன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். நடுவில் இருந்தவர் ஃபைலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், “அப்பா என்ன பண்றார்?” என்றார். சொன்னேன். “சொந்த ஊர்?” சொன்னேன். “ஊர்ல எந்தப் பக்கம்?” அதையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவருக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. ‘எந்தப் பக்கம்’ என்பது என்ன கேள்வி என்று எனக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

நான் தனியாள் இல்லை. சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் என்ற சமூகவியலாளர்கள் டெல்லி வட்டாரத்து நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசி 2007-ல் எழுதினார்கள். எல்லோரும் தகுதிதான் முக்கியம் என்றார்கள். அதே மூச்சில், குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொன்னார்கள். அதே ஆண்டு சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றிக் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

பெண்களுக்கென்று தனி வினாத்தாளே இருக்கிறது. கல்யாணம் எப்போது? வீட்டுக்காரர் எங்கே வேலை? குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஆளெடுக்கும் கட்டத்திலேயே பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொல்லிவிட்டது. ஆனாலும் 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை ஒதுக்கினார்கள் என்று ராய்ட்டர்ஸ் எழுதி, மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்கும் அளவுக்குப் போனது. இந்தக் கேள்விகளைக் கேட்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. நிறையப் பேர் பேச்சைத் தொடங்கத் தெரியாமல் கேட்கிறார்கள். அதற்குத்தான் கேள்வியை முன்பே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வது.

இன்டர்வியூ என்றாலே சிபாரிசு புகும் சந்து என்ற சந்தேகமும் பழையது. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் ‘சி’, ‘டி’ பிரிவுப் பணிகளுக்கும், கெஜட்டட் அல்லாத ‘பி’ பிரிவுப் பணிகளுக்கும் நேர்காணலையே எடுத்துவிட்டது. ஐ.ஏ.எஸ். தேர்வில் இன்னும் இருக்கிறது, மொத்தம் 2025 மார்க்கில் 275.

காக்க வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. சத்யஜித் ராயின் ‘பிரதித்வந்தி’ 1970-ல் வந்த படம். நாயகனிடம் ஒரு பேனல், கடந்த பத்தாண்டின் பெரிய நிகழ்வு எது என்று கேட்கிறது. நிலவில் கால் வைத்ததைச் சொல்வான் என்று எதிர்பார்க்கிறார்கள். அவன் வியட்நாம் போரைச் சொல்கிறான். உடனே நீ கம்யூனிஸ்டா என்று கேள்வி. இன்னொரு இன்டர்வியூவில், வெக்கையில் புழுங்கும் வராந்தாவில் மணிக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மேசையைக் கவிழ்த்துவிடுகிறான். ஆளெடுக்கும் அதிகாரிகள் வருஷத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய படம்.

இனி, இந்தப் பக்கம்

வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு அதிகமில்லை. ஷூ பாலிஷ், கைகுலுக்கல், கண்ணைப் பார்த்துப் பேசுவது, இவற்றைச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

‘நான் ஹார்ட் வொர்க்கர், டீம் பிளேயர்’ என்ற வாக்கியம் காதில் விழுந்த மறுநொடி மறந்துபோகும். ஒரு பையன் வந்தான், மூன்று அரியர் வைத்துக் கடைசியில் முடித்தவன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதற்கு அவன் சொன்னது இது: “லீவுல சித்தப்பா மளிகைக் கடையில இருந்தேன் சார். கடன் நோட்டு மூணு இருந்துச்சு. நூத்தி நாப்பது பேரு. எல்லாத்தையும் எக்ஸல்ல ஏத்தினேன். ஏத்தும்போதுதான் தெரிஞ்சுது, பதினொரு பேரு ரெண்டு ரெண்டு நோட்டுல இருக்காங்க, ஒருத்தருக்குப் பேரே வேற மாதிரி எழுதியிருக்கு. சித்தப்பா நம்பல. நானே வீடு வீடா போய்க் கேட்டுட்டு வந்தேன்.” ஸ்டோர்ஸ் பிரிவுக்கு அவனை எடுத்தோம். நிலைமை என்ன, அதில் உன் பொறுப்பு எது, என்ன செய்தாய், என்ன ஆனது. பயிற்சி மையங்களில் இதை ‘ஸ்டார்’ முறை என்று பணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். அவன் அதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டான்.

இப்படி உங்கள் வாழ்க்கையிலிருந்து ஐந்தாறு சம்பவங்களைத் தேடி எடுங்கள். ஒன்றில் தோற்றிருக்க வேண்டும், ஒன்றில் யாரோடாவது முட்டிக்கொண்டிருக்க வேண்டும். எழுதிப் பாருங்கள், ஆனால் மனப்பாடம் செய்யாதீர்கள். யாராவது ஒரு சிநேகிதரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது ‘நாங்க பண்ணோம்’ என்று எத்தனை தடவை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். கேட்பவருக்குத் தெரிய வேண்டியது நீங்கள் பண்ணியது.

கல்லூரி புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் ரெஸ்யூமேயில் அதைக் கொட்டை எழுத்தில் போடாதீர்கள். “இந்த ரெஸிஸ்டர் ஏன் இந்த மதிப்பு?” என்ற ஒரு கேள்வி போதும், கட்டடம் சரியும். உள்ளதைச் சொல்வதில் கௌரவக் குறைச்சல் இல்லை. தெரியாததைத் ‘தெரியாது, ஆனால் இப்படித் தேடுவேன்’ என்றவர்களுக்கு நான் மார்க் குறைத்ததே இல்லை.

இங்கிலீஷ் பயம்தான் நம் பிள்ளைகளை அதிகம் கொல்கிறது. சிக்கிக்கொண்டால், இதைத் தமிழில் விளக்கட்டுமா என்று கேட்டுவிடுங்கள். ஐ.ஏ.எஸ். நேர்காணலிலேயே தமிழில் பதில் சொல்ல வழியிருக்கிறது. சென்னையில் ஒரு பேனல் அதற்கு முகம் சுளித்தால், அந்த இடத்தில் உங்கள் அடுத்த மூன்று வருஷம் எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் இன்டர்வியூ என்றால் வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் இல்லை. சீலிங் ஃபேன் சத்தம் உங்களுக்குக் கேட்காது, அவர்களுக்குக் கேட்கும். பக்கத்தில் போனை வைத்துப் பதில் படித்தால் கண் ஓடுவது அப்பட்டமாகத் தெரியும்.

சம்பளத்தில் சி.டி.சி. என்று சொல்லும் தொகை உங்கள் கைக்கு வருவதில்லை. கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, வந்தாலும் வரும் வராவிட்டாலும் போகும் வேரியபிள் பே எல்லாம் அதற்குள் அடக்கம். மாதம் கையில் எவ்வளவு என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பாண்ட் உண்டா, ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் கேட்பார்களா என்றும் கேளுங்கள். ஒரிஜினலைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. இன்டர்வியூவுக்கோ ஆஃபர் லெட்டருக்கோ யாராவது பணம் கட்டச் சொன்னால் அது வேலை இல்லை, மோசடி.

கடைசியில், ‘எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கா?’ என்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ‘நத்திங் சார்’ என்று எழுந்துவிடுவார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் சப்பென்று ஆகும். இந்த இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார்? முதல் மூன்று மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள்? யாருக்குக் கீழே வேலை செய்வேன், அவரை இப்போது பார்க்க முடியுமா? இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயம். மேலூர் ரோட்டில் வந்தவருக்கு அந்தப் பயம் இல்லை.

பரோட்டாவை மென்றுகொண்டே கல்லாக்காரர் தலையசைத்தார். “இன்னைக்கு ராத்திரியே நின்னுக்கங்க தம்பி.” வந்தவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார். கூலி தினமா வாரமா என்று கேட்டார். மாதத்துக்கு எத்தனை நாள் லீவு என்று கேட்டார். முன்பிருந்த மாஸ்டர் எங்கே என்றார். “அவரு ஊருக்குப் போயிட்டாரு” என்று இழுத்தார் கல்லாக்காரர். “தங்குற எடத்தை ஒரு பார்வை பாத்துட்டு வந்துர்றேன்ணே” என்று மாடிப்படி ஏறினார் மாஸ்டர்.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. இறங்கி வந்து ஆணியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“போன் பண்றேன்ணே.”

பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர் நடந்து போவதையே கல்லாக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாடிப் பக்கம் திரும்பி, “டேய், அந்த ரூமைக் கூட்டித் தொலைங்கடா!” என்று கத்தினார்.